நூற்றிருபது விநாடி

மருதானையில் மழை. நாலாம் மாடியில் அது கேட்காது.
இரண்டு பத்துக்கு இந்துனில் அட்டவணையை விரித்தான்,
ரோல்ஸ் எண்ணெய் பட்ட மூன்று தாள்.
எந்த நெறிமுறை தாங்கும், எது தாங்காது,
எதை முன்னரே அணைத்துவிட வேண்டும்.
ஓஎஸ்பிஎஃப், ஆம். பிஜிபி, ஆம்.
மல்டிகாஸ்ட், நிபந்தனையோடு ஆம்,
அடிக்குறிப்பு ஆறைப் பார்க்கவும்.
அடிக்குறிப்பு ஆறு அடுத்த பக்கத்தில்.
அடுத்த பக்கம் எங்களிடம் இல்லை.

ஓடுகிற த்ரீவீலுக்கு எஞ்சின் மாற்றுவது போல என்று
வேலைக்குச் சேர்ந்த கிழமை யாரோ சொன்னார்கள்.
பொய்.
எஞ்சின் இரண்டு இருக்கிறது.
ஒன்று ஓட்டும். மற்றது பக்கத்தில் விழித்திருக்கும்,
அது அறிந்ததையெல்லாம் தானும் எழுதிக்கொண்டு.
விழித்திருப்பதற்குத்தான் முதலில் புதுமூளை.
பிறகு பழசும் புதுசும் கொஞ்ச நேரம்
ஒரே பெட்டிக்குள் கிடந்து
ஒன்றின் பேச்சு மற்றதுக்கு விளங்க வேண்டும்.
அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இந்த மூன்று தாளும்.

ஆனால் அயலட்டம் இருக்கிறதே.
காலி, கண்டி, இரத்மலானை.
ஐம்பது மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கேட்கும்:
இருக்கிறாயா
இருக்கிறாயா
இருக்கிறாயா
மூன்றுக்கும் பதில் இல்லையென்றால்
ஊரெல்லாம் செத்தவீடு சொல்லிவிட்டு
எங்களூடாகப் போகும் பாதைகளை அழித்துவிடும்.

ஆகவே முதலில் அந்தக் கேள்வியை நிறுத்த வேண்டும்.
பிறகு ஒவ்வொரு அயலுக்கும் சொல்லிவைக்க வேண்டும்:
நான் சற்றுநேரம் பேசமாட்டேன்.
பேசாததை இல்லாததாக எடுக்காதே.
நூற்றிருபது விநாடி.
பழசு என்று ஒரு குறி மட்டும் போட்டு வை.

காலி சரி என்றது. கண்டி சரி என்றது.
இரத்மலானை விளங்கவில்லை என்றது.
பதினொரு வருடப் பெட்டி. அதன் மென்பொருளில்
பொறுத்திரு என்ற சொல்லே கிடையாது.

என் போன் கீழே லொக்கரில். உள்ளே விடமாட்டார்கள்.
அப்பா இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புவார்,
எனக்கு ஒரு கோல் எடுப்பார்.
கதைப்பதற்கு இல்லை,
‘ஆ, சரி’ என்பதற்கு.
கோட்டையில் குண்டு வெடித்த அன்று
அம்மா கந்தோரிலிருந்து நாலு மணித்தியாலம் பிந்தினா.
வந்துதான் சேர்ந்தா, செருப்பில்லாமல்.
அந்த நாலு மணித்தியாலத்துக்குள்
அவர் ஒரு சாவுக்கு அழுது முடித்துவிட்டார்.
பிறகு அவரில் எந்தப் புதுப்பதிப்பும் ஏறவில்லை.
சோதனைச்சாவடி போனது,
அந்த இடத்தில் கோப்பிக் கடை வந்தது,
கண்ணாடிக் கதவு, குளிர்.
இன்றைக்கும் மூன்றாம் முறை நான் எடுக்காவிட்டால்
மனுசன் சப்பாத்தைத் தேடுகிறார்.

போன் லொக்கரில் இருக்குமப்பா.
‘ஓம் ஓம்’ என்பார்.

இரத்மலானைக்கு என்ன செய்ய என்று
இந்துனில் சிங்களத்தில் கேட்டான்.
எந்த மொழியில் யோசித்தேனோ, சிங்களத்தில் சொன்னேன்:
அதனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.
பாதையைக் கையால் எழுதி வை.
கையால் எழுதியது
யார் பதில் சொல்லாவிட்டாலும் அழியாது.

இரண்டு நாற்பத்தொன்று. கட்டளை.
விசிறியின் சத்தம் ஒரு கட்டை இறங்கி ஏறியது.
காலி காத்திருந்தது. கண்டி காத்திருந்தது.
இரத்மலானை எழுதியதைப் பார்த்துப் பார்த்து
அனுப்பிக்கொண்டே இருந்தது.
தொலைந்த பொதிகள் நான்கு.
ராகமையில் ஒருத்தி ரொறொன்ரோ மகளோடு கதைத்திருந்தால்
ஒரு சொல்லில் பாதி போயிருக்கும்.
என்ன? என்றிருப்பாள். மகள் திரும்பச் சொல்லியிருப்பாள்.

ஏற்றேன் என்று அடிக்காவிட்டால்
முக்கால் மணித்தியாலத்தில் தானே பழசுக்குத் திரும்பிவிடும்.
அடித்தேன். இந்துனில் மல்டிகாஸ்டைத் திட்டிக்கொண்டிருந்தான்.

லொக்கரில் பதினேழு தவறிய அழைப்பு.
பதினெட்டாவது கையிலேயே அடித்தது.
‘ஆ, சரி.’
வைத்துவிட்டார்.

அடுத்த இரவுவேலைக்கு முன்
மின்சார பில்லின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி
ஃப்ரிஜ் கதவில் ஒட்டினேன்:
வேலையில் இருக்கிறேன். ஐந்து மணிக்கு எடுப்பேன்.

அன்றைக்கு ஒன்பதுதான்.